நாழியும் நிறைகோலும்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுகூடுகின்ற இடத்தில், பழைய சீவரத்து மலைக்கு எதிர்க்கரையில் அமைந்த திருமுக்கூடல் என்னும் சிற்றூரை வெளியூரார் அறிந்திருப்பதெல்லாம் பெரும்பாலும் பொங்கலை ஒட்டி நடக்கும் பார்வேட்டை உற்சவத்தினால்தான். காஞ்சி வரதர் தம் பட்டணத்தை விட்டுப் பழைய சீவரத்து மலைக்கு எழுந்தருளி, பின்னர் ஆற்றைக் கடந்து, இவ்வூர் அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோயிலுக்கு வருகின்ற அந்நாளில் ஆற்று மணலெங்கும் ஜனத்திரளாக இருக்கும்; கரும்புக் கட்டுகளும் பொரிகடலைக் கடைகளும் கோயில் வாசல் வரையில் வந்துவிடும். மற்ற நாட்களில் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள அக்கோயிலுக்கு வருவோர் சிலரே. பல்லவ நிருபதுங்கவர்மன் காலத்துச் சாசனமும் அங்கே உண்டென்றால், கோயிலின் தொன்மையைப் பற்றி வேறு பிரமாணம் தேட வேண்டியதில்லை. ஆயினும் நான் இங்கே எடுத்துக்கொண்ட விஷயம் அக்கோயிலின் மூர்த்தியைப் பற்றியதன்று; அதன் பிராகாரச் சுவரில் வெட்டப்பட்டிருக்கும் ஒரு சோற்றுக் கணக்கைப் பற்றியது.

சரீரத்தின் எடையைக் குறைக்க வேண்டுமென்று விரும்புவோர் பலர் ஒன்றுசேர்ந்து, வாரத்துக்கு ஒருமுறையோ மாதத்துக்கு ஒருமுறையோ கூடி, ஒவ்வொருவராக எடைக் கருவியில் ஏறி நின்று, அன்றன்று உண்டது இன்னது, இவ்வளவு என்று நோட்டில் எழுதி வைத்து, ஒருவர்க்கொருவர் தைரியம் சொல்லிக்கொள்கிற வழக்கம் அண்மைக் காலத்தில் நம் நகரங்களில் வேரூன்றி வருகிறது. இவ்வழக்கத்தைப் பார்த்து முகம் சுளிப்போர் இருக்கிறார்கள். உண்ணும் சோற்றை அளப்பதும் எழுதுவதும் நம் மரபுக்கு ஒவ்வாதவை என்றும், இலையில் இட்டதை எண்ணாமல் உண்பதே நம் பண்பு என்றும், இந்தக் கணக்கெல்லாம் கடல் கடந்து வந்த நூதனம் என்றும் அவர்கள் சொல்லுகிறார்கள். இக்கருத்து முழுவதும் பிழையென்று நான் கருதுவதற்குக் காரணமாக இருப்பது திருமுக்கூடல் சாசனம்.

சோழ மன்னன் வீரராஜேந்திரன் 1063 முதல் 1070 வரையில் அரசாண்டவன். மேலைச் சாளுக்கியன் ஆகவமல்லனைக் கூடல் சங்கமத்தில் முறியடித்த வெற்றியைத் தன் மெய்க்கீர்த்தியில் மிக விரிவாகப் பாடச் செய்தவன். 1068ஆம் ஆண்டை ஒட்டி வெட்டப்பட்ட இந்தச் சாசனமும் அவ்வாறே யுத்த வருணனையோடுதான் தொடங்குகிறது. யானைகள் வீழ்ந்ததும் தலைகள் உருண்டதும் சொல்லி முடிந்த பிறகு, கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகையில் மன்னன் வீற்றிருந்து, வயலைக்காவூர் என்ற கிராமத்தின் வருவாயை இன்னின்ன செலவுக்கு என்று ஒதுக்கிக் கொடுத்த கட்டளை தொடர்கிறது. மாதவன் தாமயன் என்ற வணிகன் கட்டுவித்த ஜனநாத மண்டபத்தில் வேத பாடசாலை ஒன்றும், அதன் மாணாக்கர்கள் தங்கி உண்பதற்கான விடுதியும், மன்னனின் பெயரால் வீரசோழன் என்று வழங்கிய ஆதுலசாலையும் நடந்து வந்தன. ஆதுலசாலை என்பது இன்றைய வழக்கில் ஆஸ்பத்திரி. கே. வி. சுப்பிரமணிய ஐயர் ‘எபிகிராபியா இண்டிகா’வின் 21ஆம் தொகுதியில் இச்சாசனத்தைப் பதிப்பித்து வெளியிட்ட பிறகுதான், தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு தமிழ்நாட்டில் வைத்தியசாலை எவ்வாறு நடந்தது என்பது உலகத்துக்குத் தெளிவாகத் தெரிய வந்தது.

ஆதுலசாலையில் கட்டில்கள் பதினைந்து. வைத்தியம் பார்த்தவர் சவர்ணன் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். தலைமுறையாக வந்த காணியாக அவ்வுத்தியோகத்தை வகித்தவர். அவருக்கு ஆண்டொன்றுக்கு நெல் 90 கலமும் காசு 8ம். சல்லியக்கிரியை செய்பவன், அதாவது அறுவை வைத்தியன், ஒருவனுக்கு நெல் 30 கலம். மருந்துக்கு வேண்டிய மூலிகைகளைக் கொணரவும் விறகு சேர்க்கவும் மருந்து காய்ச்சவும் இருவர். அவர்களுக்கு 60 கலமும் காசு 2ம். நோயாளிகளுக்கு வேண்டியவற்றைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் இருவர். அவர்களுக்கு 30 கலமும் காசு 1ம். நாவிதன் ஒருவன், தண்ணீர் கொண்டுவருபவன் ஒருவன். ஆளுக்கு 15 கலம். இரவெல்லாம் விளக்கு எரிய எண்ணெய்க்கும், ஆண்டு முழுவதற்கும் மருந்துச் சரக்குகள் இருப்பு வைப்பதற்கும் தனித்தனியே காசு. இவ்வளவுக்கும் நடுவில், கட்டிலில் கிடக்கும் ஒவ்வொரு நோயாளிக்கும் நாளொன்றுக்கு அரிசி ஒரு நாழி என்று வரையறுத்திருக்கிறார்கள்.

இந்தக் கணக்கைக் கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கலத்துக்குப் பன்னிரண்டு குறுணி. ஒரு குறுணிக்கு எட்டு நாழி. ஆகக் கலத்துக்கு 96 நாழி. வைத்தியருடைய 90 கலத்தை நாழியாக்கினால் 8640 வரும். அதை 360 நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்குச் சரியாக 24 நாழி, அதாவது மூன்று குறுணி. அறுவை வைத்தியனுக்கு நாளொன்றுக்கு ஒரு குறுணி. பணிப்பெண் ஒருத்திக்கு நான்கு நாழி நெல். சோழர் காலத்துக் கோயில் கணக்குகளில் ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி என்ற விகிதம் வழக்கமாதலால், அவளுடைய நான்கு நாழி நெல் குத்தினால் ஒன்றரை நாழிக்குச் சற்று மேலான அரிசியாகும். அவள் பணிவிடை செய்த நோயாளிக்கோ குத்திய அரிசியாகவே ஒரு நாழி வந்து சேருகிறது. ஆண்டுக் கணக்காக எழுதப்பட்டவையெல்லாம் உண்மையில் தினக் கணக்காகச் சிந்திக்கப்பட்டவை என்பதையும், ஒரு மனிதனின் வயிற்றுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு என்ற கேள்வியிலிருந்தே அந்த நிர்வாகம் முழுவதும் கட்டப்பட்டது என்பதையும் இந்த வகுத்தல் தெளிவாகக் காட்டுகிறது.

பாடசாலை மாணாக்கர்களுக்கும் இதே கிரமந்தான். ரிக் வேதம், யஜுர் வேதம், வியாகரணம், பாஞ்சராத்திரம் முதலியவற்றைக் கற்ற அவர்களுக்குச் சோறு மட்டுமன்றி, சனிக்கிழமைதோறும் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்க எண்ணெயும் உண்டு. சனிக்கிழமைகள் ஆண்டுக்கு 51 என்று எண்ணியே எழுதியிருக்கிறார்கள். 360 நாளை ஏழால் வகுத்தால் 51தான் முழு எண்ணாக வரும். வைத்தியர் கட்டிலில் கிடந்தவர்களை மட்டும் பார்க்கவில்லை. கோயிலிலும் சாலையிலும் பணி செய்தவர்களையும் பாடசாலை ஆசிரியர்களையும் மாணாக்கர்களையும் கவனிக்க வேண்டியது அவர் கடமை. ஒரே கூரையின் கீழ் உண்டவர்களுடைய ஆகாரமும் ஆரோக்கியமும் ஒரே கணக்கில், ஒரே நிர்வாகத்தின் பொறுப்பில், எல்லாரும் வந்து படிக்கக்கூடிய சுவரில் எழுதப்பட்டிருந்தன. அளவைக் கல்லில் வெட்டியதன் உத்தேசம், கொடுப்பவன் குறைத்துவிடக்கூடாது என்பது. நோயாளியின் ஒரு நாழியில் ஓர் ஆழாக்கு குறைந்தாலும் அதைச் சுட்டிக்காட்டுவதற்குச் சுவர் சாட்சியாக நின்றது.

சாசனத்தில் மருந்துகளின் பெயர்களும் உள்ளன. வாசாஹரீதகி, தசமூலஹரீதகி, பல்லாதகஹரீதகி, வில்வாதி கிருதம், மண்டூர வடகம், கல்யாண லவணம், பழைய நெய் என்று அவ்வரிசை நீளுகிறது. இவற்றில் கடுக்காய் சேர்ந்தவை பல; இரத்தம் குன்றியவர்களுக்கு இரும்புச் சத்து தரும் மண்டூரம் ஒன்று. அதாவது அங்கே வந்து கிடந்தவர்களில் பெரும்பாலோர் இளைத்தவர்களும் வெளிறியவர்களுமாக இருந்திருக்க வேண்டும் என்று ஊகிக்க இடமுண்டு. ஸ்தூல சரீரத்தை அக்காலத்து வைத்திய நூல்கள் அறியாமலில்லை. சரக ஸம்ஹிதை அதற்கென்று ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கி, மிகைத் தீனியும் இனிப்பும் பகலுறக்கமும் உடலுழைப்பின்மையும் மட்டுமன்றிப் பெற்றோரிடமிருந்து வரும் இயல்பும் அதற்குக் காரணம் என்று கூறுகிறது. சாமை, யவை, பாசிப்பயறு, கொள்ளு ஆகியவற்றை உணவாக விதித்து, உழைப்பைச் சிறிது சிறிதாகக் கூட்டச் சொல்லுகிறது. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று நம் பாட்டிமார் சொன்னதும் அதே வைத்தியந்தான். வள்ளுவரோ மருந்து என்னும் அதிகாரத்தில் பெரும்பகுதியை, முன் உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்பதற்கே செலவிட்டிருக்கிறார். ஆனால் இவையெல்லாம் தனி மனிதனை நோக்கிச் சொன்னவை. பலர் கூடி உண்பதில் அளவென்பது, கல்வெட்டுக் காலத்தில், கிடைக்க வேண்டியது கிடைத்ததா என்பதைக் காக்கவே பயன்பட்டது.

மனித சரீரத்தையே தராசில் ஏற்றுவதும் இப்பிரதேசத்துக்குப் புதிதன்று. 1533இல் விஜயநகரத்து அச்சுததேவராயர் காஞ்சிபுரத்துக்கு வந்து முத்துக்களுக்கு ஈடாகத் தம்மை நிறுத்துத் துலாபுருஷ தானம் செய்தார். அரசன் எவ்வளவு கனமோ அவ்வளவுக்கு முத்து. கனம் கூடினால் தானமும் கூடும். மெலிவு வறுமையின் அடையாளமாகவும் பருமன் செழிப்பின் அடையாளமாகவும் கருதப்பட்ட உலகம் அது. கல்யாண வீடுகளில் ‘பூசினாற்போல் இருக்கிறாள்’ என்று புகழ்ந்தும், ஊரிலிருந்து திரும்பிய பிள்ளையைப் பார்த்து ‘இளைத்துத் துரும்பாகிவிட்டாயே’ என்று வருந்தியும் நாம் இன்றளவும் பேசுகிற பேச்சில் அந்த உலகம் மிச்சமிருக்கிறது. எத்தனையோ நூற்றாண்டுகள் பஞ்சத்தை அஞ்சி வாழ்ந்த ஜனங்கள் அவ்வாறு பேசியது நியாயமே.

உணவை நாழியால் அளந்தது போக, அதனுள் அடங்கிய சக்தியை அளக்கும் காலம் இருபதாம் நூற்றாண்டில் வந்தது. அதுவும் தமிழ்நாட்டில்தான் நமக்கு வந்தது என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். நீலகிரியில் குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் 1918இல் தொடங்கிய சிறிய ஆராய்ச்சிக்கூடம் நாளடைவில் ஊட்டச்சத்து ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்தது. இந்தியாவின் வெவ்வேறு பிராந்தியத்தார் உண்ணும் உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து அவர் செய்த பரிசோதனையில், கோதுமை ரொட்டியும் பாலும் காய்கறியும் உண்ட எலிகள் கொழுகொழுவென்று வளர, தீட்டிய அரிசியை நம்பிய சென்னை ராஜதானியின் உணவை உண்ட எலிகள் எடையில் கடைசியாக நின்றன. அவருக்குப் பின் அந்நிலையத்தின் தலைமையை ஏற்ற வாலஸ் அய்க்ராய்ட், நம் நாட்டு அரிசி, கேழ்வரகு, துவரை, முருங்கைக்கீரை, கத்தரி, கருவாடு என்று ஒவ்வொன்றிலும் எவ்வளவு புரதம், எவ்வளவு கொழுப்பு, எத்தனை கலோரி என்று பகுத்தறிந்து, 1937இல் சுகாதார அறிக்கை எண் 23 என்ற சிறு நூலாக வெளியிட்டார். இந்திய உணவுகளுக்கு விஞ்ஞான ரீதியில் அமைந்த முதற் பெரும் அட்டவணை அதுவே. சிறைச்சாலை, மாணவர் விடுதி, அனாதை இல்லம், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு ஆகிய இடங்களில் மிகக் குறைந்த செலவில் போதுமான ஆகாரம் கொடுப்பது எப்படி என்பதே அவருடைய கவலை. வங்காளப் பஞ்சத்தை விசாரித்த கமிஷனிலும் பின்னர் அவர் ஓர் அங்கத்தினராக இருந்தார். குன்னூர் நிலையம் 1958இல் ஹைதராபாத்துக்கு மாறி, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இன்று விளங்குகிறது. இட்லி ஒன்றுக்கு இத்தனை கலோரி, பொங்கல் ஒரு கிண்ணத்துக்கு இத்தனை என்று இக்காலத்தில் எடை குறைக்க முயல்வோர் கைபேசியில் பார்த்து எழுதிக்கொள்ளும் கணக்குகள் அந்த மரபிலிருந்து கிளைத்தவை. பட்டினி கிடந்தவர்களுக்காக வகுத்த அட்டவணை, மிகையாக உண்டவர்களுக்கும் வழிகாட்டியாக அமைந்தது.

காந்தியடிகள் உணவை எடை போட்டு உண்டது யாவரும் அறிந்தது. லண்டனில் மாணவராக இருந்தபோதே மரக்கறி உணவாளர் சங்கத்தில் சேர்ந்து, அதன் நிர்வாகக் குழுவிலும் இடம்பெற்றவர் அவர். 1929இல் சபர்மதியில் சகாக்களோடு சேர்ந்து, அடுப்பில் ஏற்றாத உணவையே உண்பதென்று ஒரு சோதனை தொடங்கி, முளைத்த தானியம் இவ்வளவு, தேங்காய் இவ்வளவு, எலுமிச்சை இத்தனை என்று அளந்து, தம் உடல்நிலையும் எடையும் மாறியதை ‘யங் இந்தியா’ வாசகர்களுக்கு ஒளிவுமறைவின்றி எழுதி வந்தார். பிறகு தம் வயிற்றுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் நோய் கண்டபோது கைவிட்டதையும் அவ்வாறே எழுதினார். ஒரு குழு, ஒரு நியமம், எழுதி வைக்கும் வழக்கம், பிழையை மறைக்காத நேர்மை என்னும் நான்கும் அச்சோதனையில் சேர்ந்திருந்தன.

எனினும் தமிழ்நாட்டுக் கிராமத்தில் எடைக் கருவியையும் கூட்டத்தையும் நோட்டையும் முதன்முதலில் ஒன்றாகக் கொண்டுவந்து சேர்த்தது 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டந்தான். உலக வங்கியின் கடனுதவியோடு மதுரை மாவட்டத்தில் ஆரம்பமாகிப் பிற மாவட்டங்களுக்கும் பரவிய அத்திட்டத்தைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்வது அவசியமென்று எண்ணுகிறேன். கிராமத்துப் பெண்களில் ஒருத்தியையே ஊட்டச்சத்துப் பணியாளராகத் தெரிந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை அவள் மாதந்தோறும் கூட்டி, உத்தரத்திலிருந்து தொங்கும் தராசில் தூளிபோலத் துணி கட்டி அதில் உட்கார வைத்து நிறுத்து, தாய் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அட்டையில் புள்ளி வைப்பாள். சென்ற மாதப் புள்ளியையும் இம்மாதப் புள்ளியையும் கோட்டால் இணைத்ததும், எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் கோடு ஏறுகிறதா, படுத்துவிட்டதா என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். கோடு படுத்த குழந்தைக்கு மட்டும் குறிப்பிட்ட காலத்துக்குச் சத்துணவு உருண்டை கொடுப்பார்கள். எடை தேறியதும் நிறுத்திவிடுவார்கள். எல்லாருக்கும் எப்பொழுதும் என்றில்லாமல், அளந்தறிந்து தேவையுள்ளவர்க்குக் கொடுப்பது என்ற அந்த முறை பிற தேசத்தாராலும் ஆராயப்பட்டது. அதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது மகளிர் குழுக்களின் பங்கு. பக்கத்து வீட்டுக்காரி தன் குழந்தைக்கு என்ன கொடுத்தாள், எப்படித் தேறிற்று என்று அக்கூட்டத்தில் கேட்டறிந்ததை எந்த வைத்தியர் சொல்லியும் அத்தாய்மார் அவ்வளவு எளிதில் ஏற்றிருக்கமாட்டார்கள்.

அமெரிக்காவில் நியூயார்க் நகரத்துக் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த ஜீன் நைடெட்ச் என்னும் குடும்பப் பெண்மணி கண்டுகொண்டதும் இதுவே. 214 பவுண்டு எடையிருந்த அவர் 1961இல் நகரச் சுகாதாரத் துறை நடத்திய பருமன் சிகிச்சை நிலையத்துக்குச் சென்றார். அங்கே கொடுத்த உணவு விதிகளில் குறை ஒன்றும் இல்லை. இரவில் ஒளித்து வைத்துப் பிஸ்கோத்து தின்பதை மனம் திறந்து சொல்லுவதற்கு மட்டும் அங்கே ஒருவரும் இல்லை. ஆகவே ஆறு சிநேகிதிகளைத் தம் வீட்டுக்கு அழைத்துப் பேசத் தொடங்கினார். அந்தக் கூட்டம் பெருகி, 1963இல் ‘வெயிட் வாட்சர்ஸ்’ என்ற ஸ்தாபனமாகி, 1978இல் ஹைன்ஸ் கம்பெனியின் கைக்கு மாறியது. வீட்டுக் கூடத்தில் தோன்றிய சிநேகம் கட்டணம் வாங்கும் வியாபாரமாக மாறிய பிறகும், அதன் உயிர்நிலை அந்த முதல் மாலையில் நிகழ்ந்ததுதான். தன்னைப் போன்ற ஒருத்தியின் முன் வெட்கமின்றிப் பேச முடிந்தால், மனிதர் தம் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வலிமை பெறுகிறார்கள்.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2015-16ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 30.9 பேர் மிகை எடை உள்ளவர்கள் என்று கண்டார்கள். 2019-21ஆம் ஆண்டின் ஆய்வில் அது 40.4 ஆயிற்று. ஆண்களில் 28.2 என்பது 37.0 ஆயிற்று. நான்கைந்து ஆண்டுகளுக்குள் இவ்வளவு மாறுதல் நிகழ்ந்ததற்குத் தனி மனிதரின் சோம்பலைக் காரணம் காட்டுவது அநியாயம். காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள இப்பிரதேசத்தையே எடுத்துக்கொள்ளலாம். குழித்தறியில் காலால் மிதித்துக் கையால் நாடா எறிந்து, நாள் முழுவதும் உழைத்த குடும்பங்களில், இளைய தலைமுறையினர் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போகிறார்கள். இரவு ஷிப்டும் காண்டீன் சாப்பாடும் டீக்கடை வடையும் அவர்களுடைய ஆகாரத்தின் கிரமத்தைக் குலைத்துவிட்டன. தறியில் மிச்சமிருப்பவர்களுக்கும் உழைப்பு உட்கார்ந்த உழைப்பே. முழங்காலும் இடுப்பும் தேய, நடை குறைந்து, சர்க்கரை வியாதி தலைகாட்டுகிறது. விழா நாளில் மட்டும் கண்ட இனிப்பு அன்றாடம் கைக்கு எட்டும் விலையில் வந்துவிட்டது. நம் வயிறோ இன்னும் பஞ்சத்தை நினைத்துக்கொண்டிருக்கிறது.

தமிழரிடையே இதற்கு எழுந்த பெரிய கூட்டு முயற்சி, நியாண்டர் செல்வன் என்ற புனைபெயரில் எழுதுபவர் முன்னின்று பரப்பிய பேலியோ உணவுக் குழுவே. அரிசியையும் சர்க்கரையையும் தவிர்த்து, முட்டை, இறைச்சி, கொட்டை, காய்கறி ஆகியவற்றைக் கொண்ட உணவுமுறையை அவர் தமிழில் எழுதி விளக்கினார். சேர விரும்புபவர் முதலில் இரத்தப் பரிசோதனை அறிக்கையை எல்லார் முன்னிலையிலும் வைத்து ஆலோசனை பெறுவதும், எடை இறங்கியதையும் இறங்காமல் நின்றுவிட்டதையும் மற்றவர்க்குத் தெரிவிப்பதும், ஊர்தோறும் நேரில் கூடுவதும் அக்குழுவின் நடைமுறையாயின. அந்த உணவுமுறையைப் பற்றி வைத்தியர்களிடையே ஒருமித்த அபிப்பிராயம் இல்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்களும் தம் வைத்தியரைக் கேளாமல் இத்தகைய எதிலும் இறங்கலாகாது என்பது நிச்சயம். ஆனால் அக்குழுவின் அமைப்பைப் பற்றி எனக்கு இரண்டு அபிப்பிராயம் இல்லை. ஜில்லா ஆஸ்பத்திரியில் இரண்டு நிமிஷம் பார்க்கும் டாக்டரிடம் கேட்க முடியாத கேள்விகளை ஆயிரக்கணக்கான தமிழர் தம் சொந்த மொழியில், காசு கொடுக்காமல், ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். அது சாமானியமான காரியமன்று.

இதற்கு மாறாகப் பெருநகரங்களில் முளைத்துள்ள சில நிலையங்கள், மூன்று மாதத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று வாங்கிக்கொண்டு, எடை இறங்காதவரை இழிவாகப் பேசுவதையும், முன்னும் பின்னும் எடுத்த படங்களைக் காட்டி ஆசை மூட்டுவதையும் தொழிலாக்கிக்கொண்டிருக்கின்றன. அங்கே அளவு அவமானத்தின் கருவியாகிவிடுகிறது. திருமுக்கூடல் சாசனத்தை எழுதியவர்கள் அளவை அவ்வாறு கருதவில்லை. அவர்களுடைய நாழி உண்பவனுக்கு உரிமை. அதைக் காப்பது நிர்வாகத்தின் கடமை. எடை குறைப்பதற்காகச் சேருகிற குழுவிலும் அளவு அவ்விதமே இருக்க வேண்டும். நான் எவ்வளவு உண்டேன் என்று எழுதுவது என் சரீரத்துக்கு வேண்டியதை அறியும் உரிமை. எழுதியதைப் பார்த்துச் சிரிக்காமல் யோசனை சொல்லுவது உடனிருப்பவர்களின் கடமை. காஞ்சிபுரத்து நெசவாளிக்கு இதைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதுமில்லை. பட்டு நூலையும் சரிகையையும் நிறுத்து வாங்கி, நெய்து முடித்த புடவையை நிறுத்துக் கொடுத்து, இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைப் பாஸ் புத்தகத்தில் எழுதிப் பழகிய கைகள் அவை.

ஆகவே ஒரு விண்ணப்பம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தின் வாயிலாக, இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வந்து சேருகின்றன. மாத்திரை வந்த வழியே கூட்டமும் வரலாம். ஆரம்ப சுகாதார நிலையம், நெசவாளர் கூட்டுறவுச் சங்கம், மகளிர் சுய உதவிக் குழு ஆகிய மூன்றும் சேர்ந்தால், மாதம் ஒருமுறை கட்டணமின்றிக் கூடி, நிறுத்துப் பார்த்து, எழுதிக்கொண்டு, அவரவர் வீட்டுச் சோற்றையும் குழம்பையும் வைத்தே யோசனை கூறிக்கொள்ளும் சபை ஒன்றை ஒவ்வொரு ஊரிலும் ஏற்படுத்துவது சிரமமான காரியமன்று. அதற்கு வேண்டிய தராசும் அட்டையும் பயிற்சி பெற்ற பெண்களும் அங்கன்வாடிகளில் ஏற்கெனவே உண்டு. பதினைந்து கட்டில்களுக்கு நாள்தோறும் அரிசி அளந்து கொடுத்த திருமுக்கூடலிலேயே இதனைத் தொடங்குமாறு காஞ்சிபுரம் மாவட்ட நிர்வாகத்தை வேண்டிக்கொள்கிறேன்.